‘சட்டைப் படம்தானே’ என்பவர்களுக்கு

எங்களில் பலருடைய பள்ளிக் கொப்பிகளில் கடைசிப் பக்கம் பாடத்துக்கு உரியதாக இருந்ததில்லை. கணக்குப் பாடம் நடந்துகொண்டிருக்கும்போது அங்கே சட்டை போட்ட பெண்கள் பிறப்பார்கள். நீண்ட கழுத்து, மெல்லிய இடை, தரையைத் தொடும் பாவாடை, கரையில் கொஞ்சம் பூவேலை. கணக்கு ரீச்சர் கண்டால் கிழித்து எறிவா. சித்திர ரீச்சர் கண்டாலும் அதே கதிதான். “சித்திரம் கீறு எண்டால் சட்டை கீறிக்கொண்டு இருக்கிறாய்” என்று எங்களில் ஒருத்திக்குக் கிடைத்த பேச்சு இன்றைக்கும் எங்களுக்குள் பகிடியாக ஓடுகிறது.

போன மாதம் எங்கட கூடல் ஒன்றில், இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பாரிஸில் அச்சான ஆடைச் சித்திரங்கள் சிலவற்றைச் சுவரில் விழுத்திப் பார்த்தோம். ஒரு மணித்தியாலத்துக்குக் கிட்ட ஒருவரும் போனை எடுக்கவில்லை. எங்களைப் பொறுத்தவரை இதுவே ஒரு சாதனை. முடிவில் ஒரு நண்பர் சொன்னார்: “வடிவாத்தான் இருக்கு. ஆனா சட்டைப் படம்தானே. இதைக் கலை எண்டு சொல்லேலாது.” கனபேர் தலையாட்டினார்கள். மறுத்துக் கதைக்க அன்றைக்கு எங்களுக்கு வாய் வரவில்லை. வீட்டுக்குப் போய்ப் படுத்தபிறகுதான் பதில்கள் ஒவ்வொன்றாக வந்தன. அவற்றை இங்கே எழுதுகிறோம்.

அந்த நண்பரோடு எங்களுக்குக் கோபம் கிடையாது. கோபமெல்லாம் அந்தத் ‘தானே’யோடுதான். ஒரு மணித்தியாலம் கண்ணெடுக்காமல் பார்த்துவிட்டு, பார்த்ததை ஒரு அசைச்சொல்லால் தூக்கிக் குப்பையில் போடும் பழக்கத்தை எங்களுக்கு யார் பழக்கினது? கொப்பியைக் கிழித்த ரீச்சரும் இந்த நண்பரும் ஒரே விதியைத்தான் நம்புகிறார்கள். மலை கீறினால் கலை, மாடு கீறினால் கலை, சட்டை கீறினால் பொழுதுபோக்கு. இந்த விதியை எழுதினது யார், எதை வைத்து எழுதினார்கள் என்று கேட்கத்தான் இந்தக் கட்டுரை.

முதலில், எதைப் பற்றிக் கதைக்கிறோம்

19 ஆம் நூற்றாண்டு ஐரோப்பியச் சஞ்சிகைகளில் வந்த ஆடைச் சித்திரங்களைப் பார்த்திருப்பீர்கள். இரண்டு மூன்று பெண்கள் ஒரு தோட்டத்திலோ வரவேற்பறையிலோ விறைத்துப்போய் நிற்பார்கள். ஒருத்தி முன்பக்கம் காட்டுவாள், மற்றவள் பின்பக்கம் காட்டுவாள். ரேந்தை, பொத்தான், மடிப்பு எல்லாம் எண்ணிப் பார்க்கலாம். ஒரு தையல்காரி அதைப் பார்த்துத் தைக்கவேண்டும் என்பதால் அப்படி. அவை தகவல் படங்கள்.

1908 இல் பாரிஸின் ஆடை வடிவமைப்பாளர் போல் புவாரே, போல் இரிப் என்ற இளம் ஓவியரிடம் தன்னுடைய சட்டைகளைக் கீறித் தரச் சொன்னார். 250 பிரதிகள் மட்டும் அச்சான ஒரு மெல்லிய தொகுப்பு வந்தது. இரிப் செய்தது துணிச்சலான காரியம். தையல்காரிக்குத் தேவையான தகவல்களில் முக்கால்வாசியைத் தூக்கி எறிந்தார். அறையும் தளபாடங்களும் கறுப்பு வெள்ளைக் கோடுகள். சட்டைகள் மட்டும் தட்டையான, நிழலில்லாத நிறங்களில். சில பெண்கள் எங்களுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நிற்கிறார்கள். ‘என்னைப் பார், என்ர சட்டையைப் பார்’ என்று அவர்கள் கெஞ்சவில்லை. அவர்களுக்குப் பார்க்க வேறு ஏதோ இருக்கிறது.

1911 இல் புவாரேக்காக இரண்டாவது தொகுப்பைச் செய்தவர் ஜோர்ஜ் லெபாப். அடுத்த வருடம் லூசியன் வோஜெல் என்ற பதிப்பாளர் ‘கசெத் து பொன் தொன்’ என்ற சஞ்சிகையைத் தொடங்கினார். நல்ல இரசனையின் இதழ் என்று பெயருக்குப் பொருள் சொல்லலாம். கலை, ஆடைப் பாணி, அற்ப விடயங்கள் ஆகியவற்றுக்கான இதழ் என்று அவர்களே கீழே போட்டுக்கொண்டார்கள். ‘அற்பம்’ என்று மற்றவர்கள் சொல்லமுதல் தாங்களே சொல்லிச் சிரித்துவிட்டார்கள். ஜோர்ஜ் பார்பியே, லெபாப், ஷார்ல் மார்த்தான், பியேர் பிரிசோ, ஆந்திரே மார்த்தி என்று ஒரு கூட்டமே அதில் கீறியது. முதல் உலகப் போரால் 1915 இல் நின்று, 1920 இல் மீண்டும் தொடங்கி, 1925 வரை வந்தது.

இந்தச் சஞ்சிகையின் ஒரு சின்ன விவரம்தான் எங்கட முதல் சாட்சி. தொடக்க காலத்தில் ஒவ்வொரு இதழிலும் பத்து முழுப்பக்க நிறப்படங்கள் வரும். ஏழு படங்கள் அன்றைய பெரிய ஆடை நிறுவனங்களின் சட்டைகள். மீதி மூன்றும் ஓவியர்களே கற்பனை செய்தவை. அந்த மூன்று சட்டைகளுக்கும் கடை இல்லை, விலை இல்லை, அளவு இல்லை. விற்கிறதற்கு ஒன்றும் இல்லாத படத்தை விளம்பரம் என்று எப்படிச் சொல்லுவது?

“அது விளம்பரம்”

சரி, மீதி ஏழையும் விளம்பரம் என்றே வைத்துக்கொள்ளுவம். அதனால் என்ன?

துலூஸ் லொத்ரெக் 1891 இல் மூலன் ரூஜ் நடன விடுதிக்குச் செய்த சுவரொட்டி விளம்பரம் இல்லாமல் வேறென்ன? ஆட்களை உள்ளே வரப்பண்ணத்தான் அதைத் தெருவில் ஒட்டினார்கள். இன்றைக்கு அது நூதனசாலைகளில் கண்ணாடிக்குப் பின்னால் இருக்கிறது. யப்பானின் உத்தமாரோவை எடுங்கள். கோடைகால ஆடைகளில் பெண்களை அவர் கீறிய ஒரு தொடரில், அன்றைய எடோ நகரத்துத் துணிக்கடைகளின் பெயர்கள் படத்திலேயே இருக்கின்றன. இரண்டு பேரையும் கலைஞர்கள் என்று சொல்ல எங்கட நண்பருக்கு ஒரு தயக்கமும் இல்லை. லெபாப்பும் பார்பியேயும் தட்டையான நிறத்தையும் துணிந்த வெற்றிடத்தையும் படித்துக்கொண்டது இந்த யப்பானிய மரச்செதுக்கு அச்சுகளிடம்தான். குரு கலைஞர், சீடர் விளம்பரக்காரரா?

இதைவிடப் பெரிய பகிடி பிரெஞ்சு ஓவியர் செசானுடையது. 1870 ஐ ஒட்டிய காலத்தில் அவர் ‘லா மொத் இலுஸ்த்ரே’ என்ற பெண்கள் சஞ்சிகையின் ஆடைச் சித்திரங்களைப் பார்த்துச் சில எண்ணெய் ஓவியங்கள் செய்தார். பெண்கள் நிற்கும் நிலை, சட்டையின் விழுகை எல்லாம் அந்தச் சஞ்சிகைப் படத்தில் இருந்தபடி. செசான் கீறியது கலை வரலாற்றில் இருக்கிறது. அவர் பார்த்துக் கீறிய மூலப்படத்தைப் பழைய பேப்பர் என்கிறார்கள். மூலம் பழைய பேப்பராம், பிரதி கலையாம். இந்த நியாயம் எங்களுக்கு விளங்கவில்லை.

கலை வரலாற்றில் கூலி வாங்காமல் கீறினவர்களை எண்ணினால் ஒரு கை விரல் போதும். தேவாலயக் கூரையில் கீறியவருக்கும் பாப்பரசர் காசு கொடுத்தார். காசு கொடுத்தவர் பாப்பரசர் என்றால் அதற்குப் பெயர் ஆதரவு. காசு கொடுத்தவர் தையற்கடைக்காரர் என்றால் அதற்குப் பெயர் விளம்பரம். ஆகவே பிரச்சினை காசில் இல்லை. வாங்கிக் கீறின பொருளில்தான் இருக்கிறது. சட்டை. பெண்களின் சட்டை.

“அதில் ஆழம் இல்லை”

ஆழம் என்று எதைச் சொல்லுகிறார்கள் என்று எங்களுக்கு முழுவதும் விளங்குவதில்லை. போர், மரணம், பசி, கடவுள் இருந்தால் ஆழம் என்று பொதுவாக ஒரு கணக்கு. ஒரு பெண் ஒரு மேலங்கியைப் போட்டுக்கொண்டு வாசலில் தயங்கி நிற்கிறதில் ஆழம் இருக்கேலாதாம்.

லெபாப் 1912 இல் கீறிய ஒரு படம் புவாரே செய்த நாடகசாலை மேலங்கியைக் காட்டுகிறது. அதற்கு அவர் வைத்த தலைப்பைத் தமிழில் சொன்னால்: ‘நான் முந்தி வந்திட்டனோ?’ இந்த ஒரு கேள்வி மேலங்கியை ஒரு கதைக்குள் கொண்டுபோய் விட்டுவிடுகிறது. வடிவா உடுத்திக்கொண்டு ஒரு இடத்துக்குப் போய், வேறு ஒருவரும் வரவில்லை என்று கண்டு, நிற்கிறதா திரும்புகிறதா என்று தெரியாமல் நின்ற அனுபவம் எங்களில் ஆருக்கு இல்லை? உடுப்பு என்பது மற்றவர்களின் கண்ணுக்கு முன்னால் எங்களை நிறுத்துகிற பொருள். அந்தக் கணத்தின் வெட்கமும் பெருமிதமும் பயமும்தான் இந்தச் சித்திரங்களின் விடயம். இதைக் கீற ஒரு கோட்டில் துணியின் பாரம் தெரியவேண்டும். பட்டு எப்படி விழும், கம்பளி எப்படி விழும் என்று நிழல் போடாமல் காட்டவேண்டும். முயற்சி பண்ணிப் பாருங்கோ. எங்களில் மூன்று பேர் முயற்சி பண்ணினோம். மூன்று பேருடைய மேலங்கியும் சாக்கு மாதிரித்தான் வந்தது.

எல்லாப் படமும் நல்ல படம் என்று நாங்கள் சொல்லவில்லை. ‘கசெத்’ இதழ்களிலேயே சலிப்பான பக்கங்கள் கனக்க இருக்கின்றன. நாய்க்குட்டி, ரோசாப்பூ, குடை, திரும்ப நாய்க்குட்டி. ஆனால் நிலக்காட்சி ஓவியத்திலும் குப்பை இருக்கிறது, புதுக்கவிதையிலும் குப்பை இருக்கிறது. அதற்காக அந்த வடிவங்களையே ஒருவரும் தள்ளி வைக்கிறதில்லையே.

உடுப்பைக் கீறுவது எவ்வளவு தூரம் போகலாம் என்பதற்கு கெர்டா வேகனர் ஒரு சாட்சி. டென்மார்க்கில் பிறந்து 1912 இல் பாரிஸுக்கு வந்து, சஞ்சிகைகளுக்கு ஆடைச் சித்திரம் கீறிப் பிழைத்தவர். அவருடைய படங்களில் திரும்பத் திரும்ப வரும் நீண்ட கண்களுள்ள பெண்ணுக்கு மாதிரியாக அமர்ந்தது அவருடைய துணைவர். ஆணாகப் பிறந்ததாகப் பதிவான அந்த ஓவியர் பெண்ணுடுப்பில் மாதிரியாக அமர்ந்த அந்த அறையில் லிலி ஆனார். லிலி எல்பே 1930 இல் ஜேர்மனியில் பாலினம் சார்ந்த சத்திரசிகிச்சைகளைத் தொடங்கி, 1931 இல் அவற்றின் பின்விளைவுகளால் இறந்துபோனார். நூதனசாலையில் ஒரு பெண் தன் முழு உருவத்தைக் கண்டடைய இடம் கிடைக்காத காலத்தில், ‘சட்டைப் படம்தானே’ என்று ஒதுக்கப்பட்ட பக்கத்தில் அவளுக்கு இடம் கிடைத்தது. இதற்குப் பிறகும் இதில் ஆழம் இல்லை என்றால், அந்த ஆழத்தை அளக்கிற கயிறுதான் கட்டை.

நிறத்தைப் போட்ட கைகள்

இந்தப் படங்களின் நிறம் அச்சு இயந்திரத்தில் வந்த நிறம் இல்லை. பொஷுவார் என்ற முறையில் செய்தார்கள். ஓவியர் ஒரு மூலப்படத்தைத் தருவார். பட்டறையில் அதைப் பார்த்து, எந்த நிறம் எங்கே வருகிறது என்று பிரிப்பார்கள். ஒவ்வொரு நிறத்துக்கும் மெல்லிய உலோகத் தகட்டில் அந்த வடிவத்தை வெட்டி எடுப்பார்கள். கோடுகள் அச்சான தாளின் மேல் தகட்டை வைத்து, வெட்டின இடைவெளி வழியாகத் தூரிகையால் நிறத்தைப் போடுவார்கள். அது காய்ந்தபின் அடுத்த தகடு, அடுத்த நிறம். ஒரு படத்துக்கு இருபது முப்பது தகடுகள் போவதும் உண்டு. ஒவ்வொரு பிரதிக்கும் முதலில் இருந்து இதே வேலை. நல்ல பிரதியைச் சரித்துப் பார்த்தால், நிறம் தாளுக்கு மேல் மெல்லிய படையாக ஏறி நிற்பது தெரியும். ஷான் சோதே என்பவருடைய பட்டறை இந்த வேலைக்குப் பேர்பெற்றது. 1925 இல் அவர் இந்த முறையைப் பற்றி ஒரு பெரிய நூலே வெளியிட்டார்.

இதே முறையில்தான் 1947 இல் மத்தீஸின் ‘ஜாஸ்’ தொகுப்பு வந்தது. நிறம் பூசின தாளை அவர் கத்தரிக்கோலால் வெட்டி வைத்தார். பட்டறைக்காரர்கள் தகடு வெட்டி, நிறம் போட்டு, பிரதி எடுத்தார்கள். ‘ஜாஸ்’ இருபதாம் நூற்றாண்டின் பெரிய கலைநூல்களில் ஒன்று என்று எல்லோரும் சொல்லுகிறார்கள். நாங்களும் சொல்லுகிறோம். அப்படியென்றால் அதே தகடு, அதே தூரிகை, அதே மாதிரியான பட்டறைக் கைகள் 35 வருடத்துக்கு முதல் ஒரு சட்டைக்கு நிறம் போட்டபோது செய்தது என்ன?

இந்த இடத்தில் எங்கட வழக்கு இரண்டாகப் பிரிகிறது. இவ்வளவு நேரமும் ‘கலை இல்லை’ என்றவர்களோடு சண்டை பிடித்தோம். இனி ‘ஆகா, என்ன கலை’ என்று உருகுகிறவர்களோடும் கொஞ்சம் சண்டை பிடிக்கவேண்டியிருக்கிறது. ஏனென்றால் அவர்கள் பார்பியேயின் கையெழுத்தோடு நிறுத்திவிடுகிறார்கள். அந்தப் பட்டறைகளில் நிறம் போட்டவர்களில் பெரும்பாலானோர் பெண்கள். நாள் முழுக்க ஒரே நிறத்தை ஒரே வடிவத்துக்குள் ஓடவிடாமல், சிந்தாமல் போட்டவர்கள். அவர்களுடைய பெயர்கள் அந்தப் பக்கங்களில் இல்லை. அந்தச் சட்டைகளைத் தைத்த பெண்களின் பெயர்களும் இல்லை. சட்டை புவாரேயுடையது, படம் லெபாப்புடையது, சஞ்சிகை வோஜெலுடையது. கைகள் ஒருவருடையதும் இல்லை.

கையெழுத்து இருந்தாலும் பெயர் நிலைக்கும் என்றில்லை. 1914 இல் கார்த்தியே நகை நிறுவனம் ஒரு கண்காட்சி அழைப்பிதழுக்காக பார்பியேயிடம் படம் கேட்டது. அவர் சிறுத்தையோடு நிற்கும் பெண்ணைக் கீறினார். சிறுத்தை இன்றைக்கும் அந்த நிறுவனத்தின் அடையாளமாக உலகம் முழுக்க மின்னுகிறது. பார்பியே 1932 இல் ஐம்பதை எட்டும் வயதில் இறந்து, பல பத்தாண்டுகள் மறக்கப்பட்டுக் கிடந்தார். அமெரிக்காவில் ஹெலன் டிரைடன் 1909 தொடக்கம் 1922 வரை ‘வோக்’ சஞ்சிகைக்கு அட்டைப்படம் கீறினார். நாடகங்களுக்கு உடை வடிவமைத்தார். 1936 இன் ஸ்ருட்பேக்கர் கார்களின் உட்புறத்தை வடிவமைத்தவரும் அவர்தான். அப்படிப்பட்டவர் முதுமையில் நியூயோர்க்கில் நகரத்தின் நலன்புரிக் காசில் ஒரு ஹோட்டல் அறையில் வாழ்ந்தார். ‘இது கலையா இல்லையா’ என்ற கேள்வி வெறும் பட்டிமன்றத் தலைப்பு இல்லை. ‘இல்லை’ என்று சொன்னால் அந்த வேலைக்கு நூதனசாலை கிடையாது, ஆவணம் கிடையாது, ஓய்வூதியம் மாதிரி ஒரு மதிப்பும் கிடையாது.

தலைப்பாகை எங்கிருந்து வந்தது

லெபாப்பின் 1911 தொகுப்பில் பெண்கள் தலைப்பாகை கட்டியிருக்கிறார்கள். நெற்றிக்கு மேல் ஒரு இறகு, பளபளக்கும் துணி. பாரிஸ் முழுக்கப் பைத்தியமாகப் பார்த்த அந்தத் தலைப்பாகைகள் எங்கே இருந்து வந்தன என்று புவாரேயே தன்னுடைய சுயசரிதையில் சொல்லியிருக்கிறார். லண்டனின் விக்டோரியா அல்பேர்ட் நூதனசாலையில் இந்தியத் தலைப்பாகைகளைக் கண்டு மயங்கி, பாரிஸில் இருந்து தன் தையல் தலைவி ஒருத்தியை வரப்பண்ணி, கண்ணாடிப் பெட்டிகளுக்கு முன்னால் நாள்கணக்காக இருத்திப் பிரதி எடுப்பித்தார்.

ஒரு பேரரசு தான் ஆண்ட நாட்டின் உடுப்பைக் கொண்டுபோய்க் கண்ணாடிக்குள் வைத்தது. பக்கத்து நாட்டு வடிவமைப்பாளர் அதைப் பார்த்துத் தன்னுடைய புதுமை என்று விற்றார். ஓவியர் அதைக் கீறி அழியாததாக்கினார். தலைப்பாகை கட்டத் தெரிந்த கை மட்டும் கதையில் இல்லை. அதே 1911 ஜூனில் புவாரே ‘ஆயிரத்திரண்டாவது இரவு’ என்று ஒரு விருந்து வைத்தார். தான் சுல்தானாக வேடம் போட்டு, மனைவி டெனிஸைத் தங்கக் கூண்டுக்குள் இருத்தி, விருந்தாளிகளைக் கிழக்கத்திய உடுப்போடு வரச் சொன்னார். கிழக்கு என்றால் அவர்களுக்கு ஒரு மாறுவேடப் பெட்டி. இந்தப் படங்களை இரசிக்கிறபோது இந்தப் பெட்டியையும் திறந்து பார்க்கத்தான் வேண்டும்.

பெண்ணுடம்பை விடுவித்தார் என்று புவாரேயைப் புகழுவார்கள். இடுப்பை நெரிக்கிற கோர்செட்டைக் கழற்ற வைத்தவர்களில் அவர் ஒருவர், உண்மை. ஆனால் கணுக்காலில் ஒடுங்கி, எட்டி அடி வைக்கவிடாத பாவாடையைப் பரப்பியவரும் அவரேதான். இந்தச் சித்திரங்களில் பெண்கள் பெரும்பாலும் நிற்கிறார்கள், சாய்கிறார்கள், அமர்ந்திருக்கிறார்கள். வேகமாக நடக்கிறவர்களைக் காண்பது அரிது. ‘கசெத்’தின் ஆண்டுச் சந்தா 100 பிராங்க். அந்தப் படங்களுக்கு நிறம் போட்ட பெண்களுக்காக அந்தச் சஞ்சிகை அச்சாகவில்லை.

இனி எங்கட கொப்பிகளுக்கு வருவம். அந்தக் கடைசிப் பக்கத்துப் பெண்களுக்கு ஏன் அவ்வளவு நீண்ட கழுத்து? ஏன் அந்த இல்லாத இடை? எங்கட வீட்டில் அம்மாவுக்கோ மாமிக்கோ அப்படி ஒரு உடம்பு இருந்ததில்லை. நிறம் தீட்டும்போது ‘தோல் நிறம்’ என்று பெட்டியில் எழுதியிருந்த இளஞ்சிவப்புப் பென்சிலைத்தான் எடுத்தோம். லெபாப்பின் பெயரை நாங்கள் அப்போது கேள்விப்பட்டிருக்கவே இல்லை. ஆனால் உலகம் முழுக்க ஆடைச் சித்திரத்தில் உடம்பை இழுத்து நீட்டுகிற பழக்கத்தை வேரூன்ற வைத்தவர்களில் அந்தத் தலைமுறையும் உண்டு. அது சஞ்சிகை சஞ்சிகையாக, பொம்மை பொம்மையாக இறங்கி எங்கட கொப்பிக்கும் வந்து சேர்ந்திருக்கிறது. ஒரு படத்துக்கு நூறு வருடம் கடந்து, கடல் கடந்து, ஒரு பிள்ளையின் கைக்குள் புகுந்து உடம்பைப் பற்றிச் சொல்லிக்கொடுக்கிற பலம் இருக்கிறது. அப்படிப்பட்ட ஒன்றைத்தான் ‘தானே’ என்று சொல்லித் தள்ளிவிடப் பார்க்கிறார்கள்.

இதனால்தான் கலை என்று ஒத்துக்கொள்ளச் சொல்லுகிறோம். கலை என்று ஒத்துக்கொண்டால்தான் விமர்சிக்கலாம். விளம்பரம் என்று தள்ளிவிட்டால் அதனிடம் ஒரு கேள்வியும் கேட்கத் தேவையில்லை. தலைப்பாகை எங்கே இருந்து வந்தது, நிறத்தை ஆர் போட்டது, ஏன் எல்லோரும் மெலிவு, ஏன் எல்லோரும் வெள்ளை என்ற கேள்விகளெல்லாம் ஒரு படத்தைப் பொருட்படுத்துகிறவர்கள் கேட்கிற கேள்விகள்.

ஒளிப்படம் வந்தபிறகு

1911 இலேயே எட்வர்ட் ஸ்ரைக்கன் புவாரேயின் சட்டைகளை ஒளிப்படம் எடுத்தார். 1932 ஜூலையில் ‘வோக்’ முதன்முறையாக நிற ஒளிப்படத்தை அட்டையில் போட்டது. அதுவும் ஸ்ரைக்கன் எடுத்ததுதான். அதற்குப் பிறகு ஓவியர்கள் மெல்ல மெல்ல அட்டையில் இருந்து உள்பக்கத்துக்கும், உள்பக்கத்தில் இருந்து மூலைக்கும் தள்ளப்பட்டார்கள். ஒளிப்படம் உண்மையைக் காட்டுகிறது, ஓவியம் கற்பனை என்று ஒரு காரணம் சொல்லப்பட்டது. இன்றைக்கு போனில் ஒரு முகத்தைப் பதினைந்து தரம் மெருகேற்றிப் போடுகிற எங்களுக்கு அந்தக் காரணத்தைக் கேட்டால் சிரிப்புத்தான் வருகிறது. லெபாப்பின் பெண்ணைப் பார்த்து, இப்படி ஒருத்தி உண்மையிலேயே இருக்கிறாள் என்று ஒருவரும் ஏமாந்திருக்க மாட்டார்கள். கோடு தான் கோடு என்பதை மறைக்கவில்லை.

இப்போது அந்தப் படங்கள் திரும்பி வந்திருக்கின்றன. கோப்பிக் கடைச் சுவரில், போன் உறையில், துணிப்பையில். கையெழுத்தை வெட்டிவிட்டு, தலைப்பை வெட்டிவிட்டு, ‘பழைய பாரிஸ் பெண்’ என்று விற்கிறார்கள். ஒரு வசனம் தட்டச்சுப் பண்ணினால் அதே சாயலில் நூறு பெண்களைக் கீறித் தருகிற செயலிகளும் வந்துவிட்டன. பெயரில்லாமல் நிறம் போட்ட பெண்களின் பட்டியலில் இப்போது பார்பியேயும் சேர்ந்துவிட்டார். கலை இல்லை என்று சொல்லுகிறவர்களுக்கும் இப்படி விற்கிறவர்களுக்கும் எங்களுக்குப் பெரிய வித்தியாசம் தெரியவில்லை. இரண்டு பேருக்கும் கீறினது ஆர் என்பது தேவையில்லாத விடயம்.

ஆகவே எங்கட வேண்டுகோள் பெரிதாக ஒன்றும் இல்லை. இந்தப் படங்களில் ஒன்றைப் பகிர்ந்தால் பெயரைப் போடுங்கள், வருடத்தைப் போடுங்கள், பொஷுவார் என்றால் அதையும் போடுங்கள். நிறம் போட்டவர்களின் பெயர் தெரியாது என்பதையும் ஒரு வரியில் எழுதுங்கள். அடுத்த கூடலுக்கு வரும்போது உங்கட ஊர்த் தையற்கடையில் பில் புத்தகத்தின் பின்பக்கத்தில் தையல் அக்கா கீறித் தந்த கழுத்து டிசைனையும் கொண்டுவாருங்கள். லெபாப்புக்குப் பக்கத்தில் வைத்துப் பார்ப்பம். இரண்டும் ஒன்று என்று சொல்ல மாட்டோம். ஆனால் பார்க்கிறதுக்கு முதல் ‘தானே’ சொல்லவும் மாட்டோம்.

அந்த நண்பரும் கட்டாயம் வரவேண்டும். வரும்போது ஒரு கொப்பியும் பென்சிலும் கொண்டுவந்தால் நல்லது. கடைசிப் பக்கம் வெறுமையாக இருந்தால் போதும்.